தண்ணீர் காட்டும்போது அணைகிற கேமரா

ஹப் என் மேஜையில் ஒழுங்காக வேலை செய்தது. சிக்கலே அதுதான்.

ஹபீப் ரகுமான் பாய் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து, அருப்புக்கோட்டையில் இருக்கும் என் கடை மேஜையில் கொட்டினார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணினிப் பலகை, ஒரு யுஎஸ்பி ஹப், நான்கு கேமராக்கள், சிக்குப் பிடித்த ஒயர்கள். பலகையில் லினக்ஸ் ஓடுகிறது. ஆனால் கேமரா செருக அதில் ஒரே ஒரு துளைதான் உண்டு. அந்த ஒன்றை நான்காக்கித் தருவது ஹப்பின் வேலை. ஹப் போனால் நான்கு கேமராவும் சேர்ந்து போகும்.

"இங்க எரியுதே பாய். நாலும் தெரியுது பாருங்க."

"இங்க எரியும் தம்பி. அங்கதான் போகும். அவ தண்ணி காட்டுற நேரம் பாத்து, கரெக்டாப் போகும்."

அவள் என்று பாய் சொன்னது செல்வலட்சுமியை. எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி திருச்சுழி போகிற வழியில், பூமிநாதன் என்பவரின் காட்டைக் குத்தகைக்குப் பிடித்து பாய் ஆட்டுக்கொட்டகை போட்டிருக்கிறார். எல்லாம் பக்ரீத் குர்பானிக்கு வளர்க்கிற கிடாய்கள். ஆடுகளைப் பார்த்துக்கொள்வது செல்வலட்சுமி. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறவர்கள். போன வருஷம் பாய் ஆட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று யாரோ ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கேமராக்கள். பாயின் தங்கை மகன் நவாஸ், என்னோடு பள்ளியில் படித்தவன், துபாயிலிருந்து விடுப்பில் வந்தபோது பொருத்திவிட்டுப் போனான். இனி தமாமில் இருக்கிறவனும் குவைத்தில் இருக்கிறவனும் தன் ஆடு தின்பதையும் குடிப்பதையும் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஆடுகள் இளைக்கின்றன. ஒன்று தண்ணீர்த்தொட்டி ஓரத்திலேயே விழுந்து செத்தது. கால்நடை மருத்துவர் வெயில் என்றார். பாய் வெயிலை நம்பவில்லை.

"ஒழுங்காத் தண்ணி காட்டுறதில்ல. அது கேமரால தெரிஞ்சுபோகும்ல? அதான் அந்த நேரத்துல ஒயரப் புடுங்கிவிட்டுர்றா. கேட்டா, நான் எதையும் தொடலங்குறா. நீ வந்து பாத்து, இவதான் புடுங்குறான்னு ஒத்த வார்த்தை சொல்லு. இன்னைக்கே அனுப்பிருவேன். அப்புறம் இந்தச் சுத்துப்பட்டுல எவன் கொட்டகையிலயும் அவ கால வைக்க முடியாது."

சென்னையில் ராத்திரி முழுக்க விழித்திருந்து, வெளிநாட்டுக்காரர்களின் கணினிகளை போன் வழியே சரிசெய்யும் வேலையில் இருந்தேன். பாதியில் விட்டுவிட்டு வந்தேன். அங்கே கற்றது ஒன்றே ஒன்று. 'நான் எதையும் தொடவில்லை' என்று முதலில் சொல்கிறவர்தான் தொட்டிருப்பார். அதனால் பாய் சொன்னதை நம்பினேன். அவர் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கொட்டகை சுத்தமாக இருந்தது. சிமெண்டுத் தளம், இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே தகரம். நடுவில் நீளமான இரும்புத் தண்ணீர்த்தொட்டி. பக்கத்தில் தரைக்குக் கீழே ஒரு சிமெண்டுத் தொட்டி. அதிலிருந்து சின்ன மோட்டார் ஒன்று இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீரை மேல்தொட்டிக்கு இறைக்கும். சுவரில் சுவிட்சுப் பலகை. அதற்குக் கீழே மரத்தட்டில் நவாஸ் வைத்துவிட்டுப் போன கணினியின் இடம். சுவிட்சைப் போட வருகிற எவருடைய கையும் ஒயருக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். பாய் அந்த ஒரு சாணைத்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார்.

செல்வலட்சுமிக்கு நாற்பது வயது இருக்கும். நடுத்தர உயரம், காய்ந்த முகம். மணிக்கட்டில் மஞ்சள் துணி முடிந்திருந்தது. காலில் செருப்பில்லை.

"நீங்கதான் கேமராத் தம்பியா? வாங்க வாங்க. நான் புடுங்குறத நேர்ல பாத்துட்டுப் போங்க. சும்மா கேள்விப்பட்டா நல்லாவா இருக்கும்?"

"செருப்பு எங்கக்கா?"

"காப்புக் கட்டிருக்கேன் தம்பி. வைகாசிப் பொங்கலுக்குத் தீச்சட்டி. பொங்கல் முடிஞ்சு காப்பு அவுக்குற வரைக்கும் காலுக்குச் செருப்பு கெடையாது."

"வாய் மட்டும் செருப்பு மாதிரி அடிக்கும்," என்றார் பாய்.

"பின்ன? ஆட்டத் தண்ணிக்குப் பட்டினி போட்டவன்னு ஊருக்குள்ள சொல்லி வச்சிருக்கீக பாய். எம்மகளுக்கு அடுத்த மாசம் பொண்ணு பாக்க வாராக. அவுக காதுல இது விழுந்தா, வாயில்லாச் சீவனுக்கே தண்ணி குடுக்காதவ வீடான்னு திரும்பிப் போயிருவாக. நான் பேசாம என்ன செய்ய?"

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பலகையை மாட்டினேன். நான்கு கேமராவும் எரிந்தன. அந்நேரத்துக்கு பாயின் போனில் நவாஸ் வீடியோவில் வந்தான்.

"ஏலே இருளப்பசாமி! என்னலே மூஞ்சி இன்னும் நைட் ஷிப்டு பாத்த மாதிரியே இருக்கு?"

"ஒன் கேமராவப் பாத்துட்டு வந்த மூஞ்சிலே இது."

"நாலும் நல்லாத் தெரியுது. மாமா, தண்ணி காட்டச் சொல்லுங்க."

செல்வலட்சுமி சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உடனே சுற்றவில்லை. வயிற்று வலிக்காரனைப் போல முனகியது. பிறகு மெல்லப் பிடித்துக்கொண்டது. அதற்குள் நான்கு படமும் இருண்டுவிட்டன.

"பாத்தியா! பாத்தியா தம்பி!" பாய் துள்ளினார். "கைய வச்சா, போச்சு!"

அவள் கையை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது ஒயர்ப் பக்கம் போகவில்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. முழங்கை இடித்திருக்கலாம். மோட்டாரை நிறுத்தி, எல்லாவற்றையும் மறுபடி எழுப்பினேன். அவளைக் கொட்டகையின் அந்தக் கோடியில் போய் நிற்கச் சொன்னேன். பலகையையும் ஹப்பையும் மரத்தட்டிலிருந்து எடுத்து, ஒயர் எட்டுகிற மட்டும் தள்ளி ஒரு சாக்கின் மேல் வைத்தேன். சுவிட்சை நானே போட்டேன்.

முனகல். படங்கள் இருண்டன.

அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது: "என்ன தம்பி, இப்ப நீங்க புடுங்குனீகளா?"

பாய் எட்டி மோட்டாரை நிறுத்தினார். பொய் சொல்கிறாள் என்று நம்பித்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

அதன் பிறகுதான் ஒழுங்காக வேலை பார்த்தேன். மடிக்கணினியைப் பலகையோடு இணைத்து, என்னென்ன செருகியிருக்கிறது என்று கேட்டேன். பட்டியலில் ஹப்பே இல்லை. ஹப் இல்லாததால் கேமராவும் இல்லை. பலகை மட்டும் உயிரோடு இருந்தது. அதன் செய்திகளை ஓட்டிப் பார்த்தேன். ஹப் துண்டித்துக்கொண்டது, திரும்ப வந்தது, நீ யார் என்று பலகை கேட்டது, பதில் வரவில்லை, மைனஸ் எழுபத்தொன்று பிழை. மறுபடி கேட்டது. மறுபடி அதே பிழை. கடைசியில் பலகை கேட்பதை நிறுத்திவிட்டது.

இந்தப் பிழைக்குப் பெரும்பாலும் ஒயர்தான் காரணம். ஒயரை மாற்றினேன். போயிற்று. நான் கொண்டுபோயிருந்த வேறு ஹப்பை மாட்டினேன். அதுவும் போயிற்று. கேமராக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒரு கேமரா கூட இல்லாத வெறும் ஹப்பும், மோட்டார் முனகியதும் போயிற்று.

பலகைக்கு அடியில் நவாஸ் ஒரு சின்ன பேட்டரி வைத்திருந்தான். கரண்ட் போனாலும் பலகை ஓடும். ஹப்புக்கு அது இல்லை. அதன் அடாப்டர் நேராகச் சுவரில் செருகியிருந்தது. ஆக, பேட்டரியில் ஓடுவது பிழைக்கிறது, சுவர் கரண்டில் ஓடுவது சாகிறது. மீட்டரை எடுத்து அந்த பிளக்கில் வைத்தேன். முதலில் இருநூற்று முப்பது வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. பாயை மோட்டாரைப் போடச் சொன்னேன். எண் எழுபதுக்கு விழுந்தது. மோட்டார் பிடித்துக்கொண்டதும் நூற்றைம்பதுக்கு வந்து அங்கேயே நின்று தள்ளாடியது.

மோட்டாரை நிறுத்திவிட்டு, கழற்றிய கேமராக்களைத் திரும்ப மாட்டி எழுப்பினேன். இத்தனூண்டு மோட்டாருக்கு அவ்வளவு விழக்கூடாது.

"இந்த மோட்டாரு எப்பவும் இப்படித்தான் மொனங்குமா?"

"சித்திரையிலருந்துதான் தம்பி," என்றாள் செல்வலட்சுமி. "முந்தி நல்லாத்தான் ஓடுச்சு. ஆடுக தண்ணிக்குப் பயப்படுறதும் அப்பருந்துதான். வாய வைக்கும், சிலிர்த்துக்கிட்டு ஓடும். தண்ணியில என்னமோ இருக்குன்னு பாய்கிட்டச் சொன்னேன். ஒந்தண்ணியில இல்ல, ஒங்கைலதான்னு சொன்னாக."

அவள் சொன்னதை நான் காதில் வாங்கினேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் என் தலையில் ஹப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

சுவிட்சுப் பலகையைக் கழற்றினேன். பூமிநாதனின் கிணற்று மோட்டார் அறையிலிருந்து ஒரு பேஸ் கம்பி வந்திருந்தது. கரண்ட் அதில் வருகிறது. திரும்பிப் போக நியூட்ரல் கம்பி வேண்டும். அந்த இடத்தில் ஒரு பச்சை ஒயர் இருந்தது. அது மோட்டார் அறைக்குப் போகவில்லை. சுவரில் இருந்த ஓட்டை வழியாகக் கொட்டகைக்குப் பின்னால் இறங்கியது.

"இது எங்க பாய் போகுது?"

"பின்னாடி பைப்புக்கு. போன ஐப்பசிச் சூறக்காத்துல நியூட்ரல் அறுந்துபோச்சு. ஈபிக்காரங்க வந்து கட்டுற வரைக்கும்னு பூமிநாதன் அண்ணன் எர்த்துல குடுத்துவிட்டாரு. இங்க எல்லா மோட்டார் ரூம்லயும் அப்படித்தானப்பா பல்பு எரியுது?"

எல்லா மோட்டார் ரூமிலும் அப்படித்தான். ஒரு பல்புக்கு அது தாங்கும். போகிற கரண்ட் குழாய் வழியாக ஈரமண்ணில் இறங்கிவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதனாலேயே எல்லோரும் அதைச் செய்கிறார்கள்.

டெஸ்டரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கரிசல் மண்ணில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குழாய் நின்றது. அதைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரைக்கும் போனது. உள்ளேயும் ஈரமில்லை.

"இங்க தண்ணியே ஊத்துறதில்லையா?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

செல்வலட்சுமிதான் பதில் சொன்னாள். "முந்தி தொட்டி வழிஞ்சு அங்கதான் தம்பி வந்து நிக்கும். எருமை பொரளுற சேறு மாதிரி கெடக்கும். கேமராவுல பாக்க அசிங்கமா இருக்குன்னு நவாஸ் தம்பி சொல்லுச்சு. அதுக்கப்புறந்தான் தளம் போட்டு, வாய்க்கால அந்தப் பக்கம் வேப்பமரத்துக்குத் திருப்பி விட்டாக."

குந்தி உட்கார்ந்திருந்தவன் அப்படியே இருந்தேன். கேமராவுக்காகச் சேற்றை எடுத்தார்கள். சேறு போனதும் மண் காய்ந்தது. மண் காய்ந்ததும் கரண்டுக்கு இறங்க வழியில்லை. மோட்டார் போட்டால் அது குழாயிலேயே நிற்கும். அதனால்தான் பிளக்கில் எண் விழுகிறது, ஹப் போகிறது. விஷயம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்கூட வந்தது.

அப்போது உள்ளே மோட்டார் முனகியது. ஆடுகள் கத்திக்கொண்டே இருந்ததால் யாரோ போட்டிருக்கிறார்கள். டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். பட்டப்பகலிலும் தெரிகிற மாதிரி சிவப்பாக எரிந்தது.

பச்சை ஒயரோடு முறுக்கி, அதே குழாயில் இன்னொரு ஒயரும் கட்டியிருந்தது. அது எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தேன். மோட்டாரின் இரும்பு உடம்புக்குப் போனது. பாதுகாப்புக்காகப் போட்ட எர்த். மோட்டாரிலிருந்து தண்ணீர் ஏறும் இரும்புக் குழாய். குழாயிலிருந்து இரும்புத் தொட்டி. தொட்டியில் வாய் வைத்துச் சிலிர்த்துக்கொண்டு ஓடிய ஆடுகள். செத்துப்போன ஒன்று. ஈரச் சிமெண்டுத் தளம். செருப்பில்லாத கால்.

கத்தினேனா என்று நினைவில்லை. கொட்டகையைச் சுற்றி ஓடினேன்.

செல்வலட்சுமி தொட்டி ஓரத்தில், இரும்புக் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண்கள் பாதி செருகியிருந்தன. உடம்பு முழுவதும் வெடவெடவென்று ஆடியது. வாயிலிருந்து 'ம்ம்ம்' என்று, அந்த மோட்டார் மாதிரியே ஒரு சத்தம் வந்தது. பாய் நாலடி தள்ளி, தலையைக் கவிழ்த்து, கைகட்டி நின்றுகொண்டிருந்தார். மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்.

சுவிட்சுப் பலகையில் பாய்ந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினேன்.

மோட்டார் நின்றது. அவள் கை விட்டுப்போய்ச் சிமெண்டில் சாய்ந்தாள். போனில் நவாஸின் குரல் வந்தது. "மாமா? எல்லாம் போச்சு மாமா. மறுபடி புடுங்கிட்டாளா?"

நான் அவள் பக்கம் ஓடினேன்.

பாய் இன்னும் அதே இடத்தில் நின்றார். "ஏன் தம்பி ஓடியார? சாமி வந்திருக்குப்பா. காப்புக் கட்டுன பொம்பள. நாம எதுக்குத் தொடணும்னு நான் ஒதுங்கி நின்னேன்."

"சாமி இல்ல பாய். கரண்டு. பைப்புல கரண்டு வருது. நீங்க தொட்டிருந்தா நீங்களும் சேந்து போயிருப்பீங்க."

அவருக்குப் புரிய நேரமானது. டெஸ்டரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கட்டியிருந்த தன் கைகளைப் பார்த்தார். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். பிறகு தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"அல்லாவே. நான் பாத்துக்கிட்டே நின்னேனே."

செல்வலட்சுமிக்கு மூச்சிருந்தது. முகத்தில் தண்ணீர் தெளிக்கப் போன என் கையே நடுவில் நின்றுவிட்டது. அந்தத் தண்ணீரைத் தொட எனக்குப் பயம். பீஸ் கட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது. தடவிப் பார்த்துக்கொண்டு பிறகு அள்ளித் தெளித்தேன். கண்ணைத் திறந்தாள். உள்ளங்கையில் ஒரு கோடு வெள்ளையாக வெந்திருந்தது.

"ஆத்தா எறங்கிட்டாளா?" என்றாள்.

நான் பாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். வேறு வழியில்லை. சொன்னேன். குழாய், காய்ந்த மண், மோட்டார் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து கேட்டாள். முகத்தில் பயம் வரவில்லை. ஏதோ கையைவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"நேத்தும் வந்துச்சே தம்பி. காப்புக் கட்டுன மறுநாளே. பைப்பத் தொட்டதும் உச்சந்தலை வரைக்கும் ஒரு உலுக்கு. இத்தன வருசமா வராத ஆத்தா இந்த வருசம் வந்துட்டான்னு எம்மக காலத் தொட்டுக் கும்புட்டா."

"அது கரண்டுக்கா."

"நேத்துமா?"

"நேத்தும்."

மணிக்கட்டில் இருந்த மஞ்சள் துணியைத் திருகினாள். இத்தனை நாள் செருப்புதான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. அதை ஆத்தாவுக்காகக் கழற்றி வைத்திருக்கிறாள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"அப்ப அந்த ஒயரு?" என்றாள் திடீரென்று. "நான் புடுங்கலேன்னு தெரிஞ்சிருச்சா இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"தெரிஞ்சிருச்சு."

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவுககிட்டச் சொல்லுங்க."

பாய் எழுந்தார். போனை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்தார். "நவாசு, அவ ஒயரத் தொடல. ஆட்டுக்குத் தண்ணி காட்டாமயும் இல்ல. நாமதான் தண்ணியில கரண்ட வச்சு ஆட்டக் கொன்னுருக்கோம். எல்லாருக்கும் சொல்லு. ஊருக்குள்ள நான் சொல்லிக்கிறேன்."

"என்ன மாமா சொல்றீங்க?"

"பொறவு சொல்றேன்."

திருச்சுழி ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நெஞ்சுக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். ஆடு குடிக்காமல் வர மாட்டேன் என்றாள். பாயே பிளாஸ்டிக் வாளியில் கயிறு கட்டித் தரைத்தொட்டியில் விட்டு இறைத்தார். பழக்கமில்லாததால் பாதித் தண்ணீர் அவர் கைலியில் கொட்டியது. ஓரத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி வைத்தும் ஆடுகள் கிட்ட வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்தன. செல்வலட்சுமி வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தண்ணீரை அளைந்து காட்டி நாக்கைத் தட்டி அழைத்தாள். ஒரு கிடாய் வந்து மூக்கை வைத்தது. வெடுக்கென்று எடுத்தது. மறுபடி வைத்தது. குடித்தது. பிறகு எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

பாய் தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

"போட்டுக்கம்மா. வண்டி ஏறு."

"காப்பு அவுக்குற வரைக்கும் போடக் கூடாது பாய்."

"அதான் சாமி இல்ல, கரண்டுன்னு இவன் சொல்லிட்டானே?"

"வந்தது கரண்டாத்தான் இருக்கட்டும். நான் கட்டுனது காப்புத்தான?"

போனில் நவாஸ் மறுபடி வந்தான். "மாமா, ஆளாளுக்குக் கேக்குறாங்க. கேமரா எப்ப வரும்? ஆட்டக் கண்ணுல பாக்கலேன்னா போன வருசப் பேச்சு மறுபடி கெளம்பிரும்."

ஹப்புக்கு பேட்டரி வைத்து ஓட்டிவிடலாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் பாய் என் சட்டைப் பையில் கைவிட்டு பீஸ் கட்டையை எடுத்துக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"அவ காப்ப அவுக்கணும். ஈபிக்காரன் வந்து நியூட்ரல் கட்டணும். ரெண்டும் நடக்குற வரைக்கும் இங்க ஒண்ணும் எரியாது. நம்பாதவன் வேற எடத்துல ஆடு வாங்கட்டும்."

போனை அணைத்தார். செல்வலட்சுமி வெறுங்காலோடு வண்டியில் ஏறினாள்.